பிள்ளைகளின் ஓசிஐ கார்டும் ஊர்ப் பயணமும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் விசா எடுக்காமல் இந்தியா வந்துபோக உதவுவது ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) கார்டு. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க இன்று இந்த கார்டு வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகள் நிறைய. மகள் நர்ஸிங் முடித்து இங்கிலாந்து போயிருப்பாள், மகன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருப்பான். லீவுக்கு அவர்கள் கிளம்பும் நேரத்தில்தான் "கார்டில் இருப்பது பழைய பாஸ்போர்ட் நம்பராச்சே" என்ற பேச்சு வரும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இதில் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்தபடியே, அரசுக் கட்டணம் எதுவும் இல்லாமல் முடிகிற வேலை. அது தெரியாமல் ஏஜென்டிடம் பணம் கொடுப்பவர்களையும், கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டுவிட்டுத் தவிப்பவர்களையும் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓசிஐ கார்டுக்குக் காலாவதி தேதி உண்டா?

கிடையாது. ஆயுள் முழுக்கச் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம், போலீஸ் பதிவும் தேவையில்லை. காலாவதி ஆவது பாஸ்போர்ட்தான். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா நான்கிலுமே 16 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 5 வருட பாஸ்போர்ட்தான் தருகிறார்கள். கார்டில் அச்சாகியிருப்பது அது வாங்கிய காலத்து பாஸ்போர்ட் எண். பாஸ்போர்ட் மாறியதும் எண் மாறிவிடும், கார்டில் பழைய எண்ணே இருக்கும். "கார்டு புதுப்பிக்கணும்" என்று வீட்டில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் அரசின் பதிவேட்டில் சேர்த்துவைக்கும் வேலையைத்தான்.

அப்படியானால் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் புது கார்டு வாங்க வேண்டாமா?

வேண்டாம். முன்பு 20 வயது வரை ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும் கார்டையும் மாற்றியாக வேண்டும் என்று விதி இருந்தது. கூரியர், கட்டணம், காத்திருப்பு என்று பெற்றோர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் அதை எளிமையாக்கியது. இப்போதுள்ள நிலை இது: 20 வயது முடியும் வரை, புது பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் நகலையும் குழந்தையின் இப்போதைய போட்டோவையும் இணையதளத்தில் ஏற்றினால் போதும். பாஸ்போர்ட் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். கையில் இருக்கும் கார்டு அப்படியே செல்லும்.

பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு "புது கார்டு வராமல் பிளேனில் ஏற்ற மாட்டார்கள்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்தக்காரர் 2018-ல் பட்ட அனுபவம் அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைக்கு அதை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

20 வயதுக் கணக்கைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம், அதனால் ஒரு பிள்ளையை வைத்தே பார்ப்போம். அமெரிக்காவில் பிறந்த பெண் குழந்தை, 1 வயதில் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் வாங்கியாயிற்று. 6 வயதில் இரண்டாவது பாஸ்போர்ட்: அப்லோடு மட்டும். 11 வயதில் மூன்றாவது: அப்லோடு மட்டும். 16 வயதில் அவளுக்கு 10 வருட பாஸ்போர்ட் கிடைக்கிறது: அதற்கும் அப்லோடுதான். அந்த பாஸ்போர்ட் 26 வயது வரை செல்லும். 20-வது பிறந்தநாள் வந்ததும் கார்டை மாற்ற வேண்டுமா? வேண்டாம். 26-ல் அடுத்த பாஸ்போர்ட் வாங்குகிறாளே, 20 வயது முடிந்த பிறகு வாங்கும் முதல் பாஸ்போர்ட் அது. அப்போது ஒரே ஒரு முறை கார்டையே மாற்றிப் புதிதாக வாங்க வேண்டும். வளர்ந்த முகத்தோடு ஒரு கார்டு இருக்கட்டும் என்பதற்காக வைத்த விதி.

ஆக, 20-வது பிறந்தநாளைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அதற்குப் பிறகு பாஸ்போர்ட் மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வரி: 20 வயதுக்கு மேல் முதன்முதலாக ஓசிஐ வாங்கியவர்கள் கார்டை மாற்றவே வேண்டாம். 50 வயது முடிந்த பிறகு வாங்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரு முறை அப்லோடு செய்தால் போதும். இந்தியரையோ ஓசிஐ கார்டு வைத்திருப்பவரையோ மணந்து அதன் மூலம் ஓசிஐ பெற்ற வெளிநாட்டு மருமகளோ மருமகனோ இருந்தால் கதை வேறு. அவர்கள் ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் அப்லோடு செய்து, திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியும் தர வேண்டும்.

அப்லோடு செய்வது எப்படி?

உள்துறை அமைச்சகத்தின் ஓசிஐ இணையதளத்துக்குப் போங்கள். முகவரி ஓசிஐசர்வீசஸ்.ஜிஓவி.இன். கடைசியில் "ஜிஓவி.இன்" இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எதையும் நிரப்ப வேண்டும். தேடலில் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே நிறமும் சின்னமும் வைத்திருக்கும். பாஸ்போர்ட் விவரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, இலவச வேலைக்குப் பணமும் கேட்கும். 2025 மே மாதம் அரசுத் தளத்துக்குப் புது வடிவம் கொடுத்தார்கள், அதனால் பழைய யூடியூப் வீடியோவில் பார்த்த பக்கமும் இப்போது திறக்கும் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம்.

உள்ளே "மிஸலேனியஸ் சர்வீஸ்" என்ற பகுதிதான் நமக்கு வேண்டியது. புதிய விண்ணப்பம் என்ற பகுதிக்குள் போகக் கூடாது, அங்கே போனால் முதலிலிருந்து எல்லாம் கேட்கும். குழந்தையின் கார்டில் "ஏ" என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். அதையும் கேட்கும் மற்ற விவரங்களையும் கொடுத்தால் பழைய பதிவு திறக்கும். புது பாஸ்போர்ட்டின் எண், கொடுத்த தேதி, முடியும் தேதி, கொடுத்த இடம் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அடியுங்கள். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில் வரும், நம் படிவத்தில் நாள் முதலில் வரும். 04-05 என்று இருந்தால் அது மே மாதமா ஏப்ரல் மாதமா என்று ஒருமுறை நிதானித்துப் போடுங்கள். இங்கே பிழை நேர்ந்தால் பிறகு திருத்துவது பெரிய வேலை.

அப்புறம் புது பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், கார்டு மூன்றின் ஸ்கேனையும் போட்டோவையும் ஏற்றிச் சமர்ப்பித்தால் ஒரு விண்ணப்ப எண் வரும். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். விவரம் பதிவானதும் ஈமெயிலில் ஒப்புகை வரும், அதையும் பிரிண்ட் எடுங்கள். அந்த ஒப்புகை வந்துவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரே நாளில் வரிசையாக முடித்துவிடுங்கள். அண்ணனுக்குச் செய்துவிட்டுத் தம்பிக்கு "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடும் வீடுகளில்தான் பயணத்துக்கு முந்தின இரவு தூக்கம் போகிறது.

போட்டோ எப்படி இருக்க வேண்டும்?

சதுரமாக, ஜேபெக் கோப்பாக, நீளமும் அகலமும் 200 பிக்சலுக்குக் குறையாமல். பின்னணி வெளிர் நிறத்தில், நிழல் விழாமல், முகம் நேராக, இரண்டு காதும் தெரிய. நெற்றியில் பெரிய பொட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, தலை நிறையப் பூ இவற்றை அன்றைக்கு ஒருநாள் தவிர்த்துவிடுங்கள்.

கைக்குழந்தையாக இருந்தால் ஒரு வழி உண்டு. தரையில் வெளிர் நிறப் போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்து, குழந்தையைப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பவருடைய நிழல் குழந்தை மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கிப் பிடித்திருக்கும் கை படத்தில் தெரியக் கூடாது. குழந்தை பால் குடித்துச் சற்றுக் களைப்பாறிய நேரம்தான் இதற்குத் தோதானது, பசி நேரத்தில் எத்தனை படம் எடுத்தாலும் வாய் திறந்தே இருக்கும்.

புதிய விண்ணப்பத்துக்கும் கார்டு மாற்றுவதற்கும் கையெழுத்துப் படமும் வேண்டும். எழுதத் தெரியாத குழந்தைக்கு இடது கைப் பெருவிரல் ரேகை. குழந்தைக்குப் பதிலாக அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடக் கூடாது.

எவ்வளவு செலவாகும்?

பாஸ்போர்ட் மாறியதை அப்லோடு செய்ய ஒன்றுமில்லை. 20 வயதுக்குப் பிறகு கார்டை மாற்றுவதற்கு வெளிநாட்டில் 25 டாலர், இந்தியாவில் 1,400 ரூபாய். தொலைந்த, சேதமான கார்டுக்கு 100 டாலர் அல்லது 5,500 ரூபாய். முதன்முறை ஓசிஐ வாங்க 275 டாலர் அல்லது 15,000 ரூபாய். வெளிநாட்டில் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் கூரியரும் தனி.

இந்த எண்களை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒன்றுமில்லாத வேலைக்கு யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் உங்களுக்குத் தெரிய வேண்டும். படிவம் நிரப்பக் கூலி கேட்பதில் தவறில்லை. "அரசுக் கட்டணம்" என்று சொல்லி வாங்கினால் அது பொய்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. பாஸ்போர்ட் இப்போதுதான் வந்தது. ஒப்புகை வருவதற்குள் கிளம்பலாமா?

கிளம்பலாம். புது பாஸ்போர்ட் கொடுத்த நாளிலிருந்து இணையதளத்தில் இறுதி ஒப்புகை வரும் நாள் வரை இந்தியாவுக்கு வரவோ போகவோ தடையில்லை என்று அந்த 2021 ஏப்ரல் அறிவிப்பே சொல்கிறது. ஆனால் அதை நம்பி அப்லோடு செய்யாமலே வராதீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே ஏற்றிவிட்டு, விண்ணப்ப எண் உள்ள பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் சென்னை இமிக்ரேஷனில் அல்ல, கிளம்பும் ஊரின் செக்-இன் கவுண்டரில்தான். அங்கே இருக்கும் ஊழியர் கார்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்ப்பார். ஒத்துப்போகவில்லை என்றால் மேலதிகாரியைக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பு ஒரு பிரதி, அப்லோடு செய்த பிரிண்ட், பழைய பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்து நீட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். அதனால் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். போனில் காட்டலாம் என்று இருக்காதீர்கள், கூட்டத்தில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு ஈமெயில் தேடுவது பெரும்பாடு.

பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துவர வேண்டுமா?

கட்டாயம் என்ற விதியை 2021-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எடுத்துவாருங்கள் என்றுதான் சொல்வேன். கார்டில் உள்ள எண் அந்த பாஸ்போர்ட்டின் எண். இரண்டையும் இணைத்துக் காட்ட அதைவிடச் சுலபமான சாட்சி இல்லை. முன்பெல்லாம் வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் ஓசிஐக்கு என்று "யூ விசா" ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கர் வழக்கம் இப்போது இல்லை, அது இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

ஓசிஐ கார்டு மட்டும் அசல் வேண்டும். ஜெராக்ஸ், போனில் எடுத்த படம் எதுவும் அதற்கு ஈடாகாது.

பேரனுடைய கார்டில் மூன்று மாதக் குழந்தை போட்டோ இருக்கிறது. இப்போது அவனுக்கு 9 வயது. முகம் தெரியாமல் நிறுத்திவிடுவார்களோ?

ஆயாக்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பயப்பட வேண்டாம். புது பாஸ்போர்ட் வரும்போதெல்லாம் புதுப் போட்டோவையும் ஏற்றச் சொல்வது இதற்காகத்தான், அதிகாரி பார்க்கும் பதிவில் இப்போதைய முகம் இருக்கும். அப்லோடை விட்டுவிட்டால்தான் பதிவிலும் மூன்று மாதக் குழந்தையாகவே இருப்பான்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல் என்ன?

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் "கே. சுமதி" என்று இருக்கும். முதல் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயரை விரித்து "சுமதி கண்ணன்" ஆகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பாஸ்போர்ட்டில் "சுமதி ரவி". வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தபோது அம்மாவின் கன்னிப் பெயர் என்ற கட்டத்தில் நர்ஸ் எதையோ கேட்டு எதையோ எழுதியிருப்பார். இத்தனை பெயரும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், படிவத்தைச் சரிபார்ப்பவருக்குத் தெரியாது.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் மாறியதை மட்டும் அப்லோடு செய்யும்போது இது பெரும்பாலும் குறுக்கே வராது. குழந்தையின் பெயர் பழைய பாஸ்போர்ட்டிலும் புதியதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும். அதில் மாற்றம் இருந்தால், ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும், வெறும் அப்லோடு போதாது. பெயர் மாற்றத்துக்குக் கார்டையே மாற்றி வாங்க வேண்டும். எண் கணிதம் பார்த்து நடுவில் ஒரு எழுத்தைச் சேர்க்க நினைக்கும் தாத்தாக்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் பெற்றோர் பெயர் முழுப் பாரமாக வந்து விழும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ் மூன்றிலும் பெயர்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, விண்ணப்பத்தோடு முதலிலேயே வையுங்கள். அவர்கள் கேட்டுத் திருப்பி அனுப்பும் வரை காத்திருந்தால் நாள்கள் வீணாகும்.

என் பழைய சான்றிதழில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருக்கிறது. இப்போது எங்கள் ஊர் ராணிப்பேட்டை மாவட்டம். எதைப் போடுவது?

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. 1989-ல் வட ஆற்காடு பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என இரண்டானது. அம்பேத்கர் மாவட்டம் பிறகு வேலூர் மாவட்டமானது. 2019-ல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகியது. ஆகவே வாலாஜாவில் பிறந்த ஒருவருடைய தாள்களில் மூன்று மாவட்டப் பெயர் இருந்தால் அது யாருடைய பிழையும் அல்ல. படிவத்தில் பிறந்த இடத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், இன்றைய இந்திய முகவரிக்கு இன்றைய மாவட்டம். அப்பா பிறந்தது "வட ஆற்காடு", தாத்தா வீட்டு முகவரி "ராணிப்பேட்டை" என்று இருந்தால் முரண்பாடு ஆகாது. கூடுதல் நிம்மதி வேண்டுமென்றால், ஊர் பெயர் இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு இன்னும் ஓசிஐயே வாங்கவில்லை. அடுத்த மாதம் பயணம். என்ன செய்வது?

ஓசிஐயை இப்போதைக்கு விட்டுவிட்டு இ-டூரிஸ்ட் விசா எடுங்கள். 30 நாள், 1 வருடம், 5 வருடம் என்று உண்டு. வருவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா. சென்னையிலும் பெங்களூருவிலும் இறங்கலாம்.

சாவகாசமாக ஓசிஐக்குப் போடும்போது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரில் ஒருவராவது இந்தியர் அல்லது இந்தியராக இருந்தவர் என்பதற்கான ஆதாரம், இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், குழந்தை யார் பொறுப்பில் என்ற கோர்ட் உத்தரவு. குழந்தை பிறக்கும்போதே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் அதற்கு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இங்கே பிறந்து, இந்திய பாஸ்போர்ட்டில் போய், பெற்றோரோடு சேர்ந்து அந்த நாட்டுக் குடிமகனான பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம்.

துபாயில் பிறந்த பேத்திக்கு ஓசிஐ வேண்டுமா?

வேண்டாம். அம்மா அப்பா இருவரும் இந்தியர்களாக இருந்தால் வளைகுடா நாட்டில் பிறந்ததால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து இந்திய பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அவள் இந்தியக் குடிமகள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இந்தக் கேள்வி நிறைய வருகிறது.

வேலூரிலேயே பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்கிறதே, அங்கே போய்ச் செய்யலாமா?

முடியாது. தபால் நிலையத்தில் இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையம் இந்திய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான். ஓசிஐ வேறு துறை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகம், எஃப்ஆர்ஆர்ஓ என்பார்கள். கலெக்டர் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் அலைய வேண்டாம். லீவுக்கு வந்த இடத்தில் கார்டு மாற்ற நினைப்பதைவிட, வசிக்கும் நாட்டிலேயே முடித்துவிட்டு வருவதுதான் நல்லது. இங்கே குடியேறிவிட்ட குடும்பங்களுக்குத்தான் சென்னை அலுவலகம் தோதானது. அங்கே விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானதுதான் என்று அந்த நாட்டு அரசு தரும் அத்தாட்சி) வாங்கியிருக்க வேண்டும், அதை மறந்து வந்துவிட்டால் இங்கிருந்து வாங்குவது சிரமம்.

எப்போது தொடங்கினால் சரியாக இருக்கும்?

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள், ஓசிஐயிலிருந்து அல்ல. பயணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் குழந்தையின் பாஸ்போர்ட் முடிவதாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழ் என்றால் தபாலில் புதுப்பிக்க முடியாது, பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும் அல்லது வராதவர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு படிக்குத்தான் காலம் போகிறது. ஓசிஐ அப்லோடு ஒரு மாலை நேர வேலை.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள், அதாவது மே மாத நடுவில். பிள்ளைகளை அதற்கு அழைத்துவர நினைப்பவர்கள் பொங்கல் சமயத்திலேயே பாஸ்போர்ட்டைப் பிரித்துத் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் பெரிய லீவு டிசம்பர், ஜனவரி. பொங்கலுக்கே வருபவர்கள் அவர்கள்தான், ஆடி மாதம் பார்த்தால் சரியாக இருக்கும்.

அம்மா மட்டும் பிள்ளைகளோடு வருகிறாள். வேறு ஏதாவது வேண்டுமா?

ஓசிஐக்கு இல்லை. ஆனாலும் அப்பாவின் சம்மதக் கடிதம் ஒன்றை நோட்டரி கையெழுத்தோடு எடுத்துவருவது புத்திசாலித்தனம், வழியில் மாறும் நாட்டில் கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழ் நகலும் கூடவே இருக்கட்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்று இருக்கும்போது அந்த நகல்தான் உறவைச் சொல்லும்.

ஓசிஐ பிள்ளை பிறகு சிஎம்சியிலோ விஐடியிலோ படிக்கலாமா?

படிக்கலாம், எந்த இடத்துக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2021 மார்ச் 4 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் ஓசிஐ மாணவர்கள் என்ஆர்ஐ மாணவர்களுக்குச் சமம், இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமேயான இடங்களுக்குப் போட்டியிட முடியாது. 2023-ல் உச்ச நீதிமன்றம் இந்த அறிவிக்கை வெளிவந்த நாளுக்குப் பிறகு ஓசிஐ பெற்றவர்களுக்குத்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். 2021 மார்ச் 4-க்கு முன்பே ஓசிஐ வாங்கிய பிள்ளையாக இருந்தால், முதல் கார்டின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள். எப்போதாவது கார்டு மாற்றும்போது பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்து அட்மிஷன் நேரத்தில் "முதலில் எப்போது பதிவானீர்கள்" என்று கேட்டால் காட்ட அந்த ஸ்கேன் தேவைப்படும்.

ஊர் சுற்றும்போது கார்டால் ஏதாவது பயன்?

உண்டு. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் ஓசிஐ கார்டு உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. 15 வயதுக்குக் கீழ் எல்லோருக்கும் இலவசம். ஆகவே பெரிய பிள்ளைகளும் வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கிவிட்ட பெற்றோரும் கார்டை எடுத்துப் போங்கள். தேசியப் பூங்காக்களுக்கும் மியூசியங்களுக்கும் இதே சலுகை.

குடும்பமாகத் திரும்பி வந்துவிட்டோம். பிள்ளைக்கு ஆதார் எடுக்கலாமா?

12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் எடுக்கலாம்.

வந்த இடத்தில் கார்டு தொலைந்துவிட்டால்?

முதலில் எங்கே தொலைந்ததோ அந்த எல்லைக்குட்பட்ட போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். புகாரில் பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் எண், கார்டு எண் மூன்றும் இருக்க வேண்டும், "ஒரு கார்டு தொலைந்தது" என்று மட்டும் எழுதினால் பயன்படாது. அடுத்து சென்னை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தந்து, ஊர் திரும்பும் தேதியைச் சொல்லி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கிளம்ப நாலு நாள்தான் இருக்கிறது என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மாற்று கார்டை மிஸலேனியஸ் சர்வீஸ் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த அலைச்சல் வேண்டாமென்றால், காட்பாடி ஸ்டேஷனுக்கோ புதுப் பேருந்து நிலையத்துக்கோ போகும் பையில் கார்டை வைக்காதீர்கள். வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு, போனில் ஒரு படம் மட்டும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் போதும். விமான நிலையத்துக்கும் கட்டணச் சலுகை கேட்கும் இடத்துக்கும் மட்டும் அசலை எடுங்கள்.

தாத்தாவே இங்கே பிரவுசிங் சென்டரில் அப்லோடு செய்து கொடுக்கலாமா?

செய்யலாம், படிவம் எந்த நாட்டிலிருந்தும் திறக்கும். ஆனால் ஒப்புகை பெற்றோரின் ஈமெயிலுக்கு வரும்படி அவர்கள் முகவரியையே கொடுங்கள். கடையின் ஈமெயிலைக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த முறை அந்தக் கடையைத் தேடிப் போக வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோடு ஃபோல்டரிலும் கிடக்கும் பிள்ளையின் பாஸ்போர்ட் ஸ்கேனை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் கடைக்காரர் எண்ணுக்கு அனுப்பியிருந்தால் அதையும்.